இடக்கை ஆசாமி

என் தம்பி இடதுகைக்காரன். இதையெல்லாம் ஒரு விஷயமாக உட்கார்ந்து சொல்ல வேண்டிய நிலைமை வரும் என்று இரண்டு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால், வேற வேலை இருந்தா பாருங்க என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பேன். நாங்கள் சாப்பிடும் மேசை சின்னது. அவனுக்கு இடப்பக்கம் நான் உட்காருவேன். என் வலது முழங்கையும் அவன் இடது முழங்கையும் இருபத்தாறு வருடமாக இடித்துக்கொண்டே இருக்கின்றன. சண்டை, கிள்ளு, குழம்புக் கறை எல்லாம் அந்த இடியில் வந்ததுதான். அம்மா அவனைச் செல்லமாகக் கூப்பிடுவதே பீச்சாங்கை என்றுதான். அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

நான் ஒரு செய்தி சானலில் எடிட்டர். எடிட்டர் என்றால் ஏதோ பெரிய நாற்காலி என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, ஒரு கிழிந்த சுழல் நாற்காலி. வருகிற படத்தை வெட்டி ஒட்டி அனுப்ப வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை என் ஷிஃப்ட். எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், செய்திப் பிரிவின் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிரேக்கிங். மழை வந்தாலும் பிரேக்கிங், மழை நின்றாலும் பிரேக்கிங். அவர் வீட்டில் பால் பொங்கினாலும் சிவப்புப் பட்டை போடுவார் என்று பேசிக்கொள்வோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு செல்போன் படம் வந்தது. மொத்தமே பதினோரு நொடி. சந்தைத் தெருவில் கடைக்காரர்களுக்கும் சுமை தூக்குகிறவர்களுக்கும் மூன்று மாதமாக வாய்த் தகராறு, சரக்கு வண்டி எங்கே நிற்பது என்று. அன்றைக்கு அது கைகலப்பாகிவிட்டது. யாரோ முதல் மாடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட ஒருவன் இரும்புக் குழாயை ஓங்கி, ஒரு சுமைதூக்குபவரின் தலையில் அடிக்கிறான். அவர் விழுகிறார். கூட்டம் ஓடுகிறது. படம் முடிந்தது.

"நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார் பிரேக்கிங். "அப்படியே ஓட விடும்மா. திரையில மூணு கட்டம் போடு. தெருவே பத்தி எரியிற மாதிரி இருக்கணும்."

"மூணு கட்டத்துக்குப் படம் எங்க சார் இருக்கு? இருக்கிறதே பதினோரு நொடி."

"பண்ணும்மா. உனக்கா தெரியாது?"

எனக்குத் தெரியும், அதுதானே என் பிழைப்பு. பதினோரு நொடியை மெதுவாக ஓட்டினால் இருபத்தைந்து. பெரிதாக்கினால் இன்னொன்று. குழாயை மட்டும் நெருக்கிக் காட்டினால் மூன்றாவது. திருப்பினேன், நறுக்கினேன், பெயர்ப்பலகைகளை மங்கவைத்தேன், ஒலிக் கிடங்கிலிருந்து ஒரு கூட்ட இரைச்சலை எடுத்து அடியில் ஊற்றினேன். பத்தரைக்குள் சந்தைத் தெரு போர்க்களமாகிவிட்டது. அடுத்த துண்டு, விலைவாசி. அதற்கடுத்தது, ஒரு நடிகையின் விவாகரத்து. ஒரு நாளைக்கு ஐம்பது துண்டு. காலையில் பல் தேய்த்ததை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்களா?

பதினொன்றரைக்கு பிரேக்கிங் மறுபடி வந்தார். கண்ணில் ஒரு மினுக்கம்.

"கவனிச்சியா? அடிக்கிறவன் இடது கையால அடிக்கிறான். ஒரு சிவப்பு வட்டம் போடு, கையைச் சுத்தி. கீழ, 'யார் இந்த இடக்கை ஆசாமி?' அவ்வளவுதான், இன்னைக்குப் பூரா இது போதும்."

வட்டம் போட்டேன். போட்டுக்கொண்டே இருக்கும்போதுதான் ஆளை உற்றுப் பார்த்தேன். கறுப்பு ஹெல்மெட். நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது கை. என் தம்பியிடமும் அதே ஹெல்மெட், அதே மாதிரிச் சட்டை. அவன் அந்தத் தெருவில்தான் ஃபேன், மிக்சி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான்.

சே, என்ன நினைப்பு இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். கறுப்பு ஹெல்மெட் ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஆறாவது தடவை அணைத்தே வைத்துவிட்டான்.

ஒரு மணிக்கு எங்கள் நிருபர் சந்தையிலிருந்து ஒரு பேட்டி அனுப்பினார், நேரில் பார்த்த ஒரு பழக்கடைக்காரர். அவர் முதலில், "வலது கையில ஓங்கினான்னுதாங்க எனக்கு ஞாபகம்" என்றார். நிருபர் தன் செல்போனில் எங்கள் ஒளிபரப்பைக் காட்டினார். பழக்கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "அட ஆமாங்க, இடது கைதான். பதட்டத்துல சரியாப் பார்க்கல" என்றார். முதல் பாதியை வெட்டிவிட்டு இரண்டாம் பாதியை அனுப்பினேன். தடுமாறுகிறவர்களின் தடுமாற்றத்தை வெட்டுவது எங்கள் வேலை. நேயர்களுக்குப் பொறுமை கிடையாது என்பார்கள்.

இரண்டரை மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா கதவைப் பாதி திறந்து, யார் என்று பார்த்துவிட்டுத்தான் முழுசாகத் திறந்தாள். பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. டிவியில் சத்தமில்லாமல் எங்கள் சானல். நான் போட்ட வட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

தம்பி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது மணிக்கட்டில் துணிக் கட்டு. வலது கையில் ஸ்பூன். பாதி தட்டில், பாதி மடியில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருடத்தில் அவன் வலது கையால் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"எதுக்குடா கையை மாத்தின?"

"கை வலிக்குது. ஷட்டர் இழுக்கும்போது மாட்டிக்கிச்சு."

"போனை ஏன் ஆஃப் பண்ண?"

"சார்ஜ் இல்ல."

"ஹெல்மெட் எங்க?"

அம்மாதான் குறுக்கே புகுந்தாள். "ஏண்டி, வந்ததும் வராததுமா அவனைப் போட்டு வாட்டுற? எதிர் வீட்டுக்காரி ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. நான்தான் வலது கையால சாப்பிடச் சொன்னேன். பார்த்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"தப்புப் பண்ணலைன்னா எதுக்கும்மா கையை ஒளிக்கணும்?"

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. தம்பி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஹெல்மெட்டைக் குடுத்துட்டேன். மிக்சி வாங்க வந்த ஒரு அம்மா, கூட ஒரு சின்னப் பொண்ணு. கல்லு பறந்துக்கிட்டு இருந்துச்சு. குழந்தை தலையில மாட்டி, பின் சந்து வழியா அனுப்பிட்டேன். அப்புறம் ஷட்டரை இறக்கிட்டு உள்ளயே உட்கார்ந்துட்டேன். மொத்தமே இருபது நிமிஷம்க்கா. டிவில காலையிலிருந்து அடிச்சுக்கிட்டே இருக்காங்க. எத்தனை தலைதான் உடைஞ்சுது?"

"அந்த அம்மா யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? பேர் விலாசம் கேட்டுட்டா ஹெல்மெட் குடுப்பாங்க?"

வெளியாள் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சொன்னது என் தம்பி. என் கண்ணுக்கு நேரே டிவியில் அதே சட்டை, அதே ஹெல்மெட், அதே கை. கடையில் வேறு யாரும் இல்லை. முதலாளி வெளியூர். பெயர் தெரியாத ஒரு அம்மா. காயம், அதுவும் இடது கையில். ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! நான் வெட்டி ஒட்டுகிறவள். துண்டுகள் பொருந்தினால் என் மனசு அப்புறம் எதையும் கேட்பதில்லை.

அன்றைக்கு அவன் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் வந்தால் சின்ன வயசில் எதையாவது எடுத்து எறிவானே என்று ஞாபகம் வந்தது. என் பென்சில் பெட்டியை உடைத்தது ஞாபகம் வந்தது. அதே பெட்டிக்குப் பதிலாக அவன் உண்டியலை எனக்குக் கொடுத்தது மட்டும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் நிலைமை இன்னும் மோசம். அடிபட்டவர் நினைவில்லாமல் கிடந்தார். போலீஸ் எங்கள் அலுவலகத்தில் படத்தைக் கேட்டது. பிரேக்கிங் ஒளிபரப்பான துண்டையே அனுப்பிவைத்தார். காலையில் ஒரு கூட்டம் சந்தைக்குள் புகுந்து, இந்தத் தெருவில் எவனெவன் இடதுகைக்காரன் என்று கடை கடையாகக் கேட்டிருக்கிறது. முனையில் சாவி போடுகிற ஐம்பது வயசுக்காரர், அரத்தை இடது கையில் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அந்தக் கையை முறித்துவிட்டார்கள்.

அந்தப் படமும் என் மேசைக்குத்தான் வந்தது. "மீண்டும் வெடித்தது!" என்று எழுதச் சொன்னார் பிரேக்கிங். சாவிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். என் விரல்கள் விசைப்பலகையில் நகரவே இல்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் பிரேக்கிங். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தத் தெருவுல உனக்கு யாரையாவது தெரியுமா? இடது கை ஆளுங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்களாமே. ஒரு பேர் கிடைச்சாக்கூடப் போதும்."

"தெரியாது சார்."

தம்பியைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று பெருமைப்பட முடியாது. அவன்தான் அடித்தவன் என்று நான் முடிவே கட்டிவிட்டேன் என்பதற்கு அந்தப் பொய்யே சாட்சி.

வீட்டுக்குப் போனால் அம்மா ஒரு பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா வீட்டுக்கு அனுப்பப் போகிறாளாம். நாலு மணிக்கு பஸ். கடை முதலாளி, கொஞ்ச நாளைக்கு வராதே என்று போனில் சொல்லிவிட்டாராம்.

"ஓடினா அவன்தான்னு ஆயிடும்மா."

"இங்க இருந்தா கையை உடைப்பாங்கடி! சாவிக்காரரைப் பார்த்தியா இல்லையா?"

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் அவன் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட மட்டும் சொல்லுடா. கோபத்துல பண்ணிட்டியா? யாராவது உன்னைத் தூண்டிவிட்டாங்களா? வக்கீல் யாரையாவது பார்க்கலாம்."

அவன் மணிக்கட்டுத் துணியை இறுக்கிக் கட்டினான். பிறகு, "நீயுமாக்கா?" என்றான். அழுகிற குரலில்கூட இல்லை. களைத்துப்போன குரலில்.

நான் எழுந்து வந்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல், அவன் எடுத்துப் போகிற சட்டைகளையாவது தேய்த்துக் கொடுப்போம் என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். முதல் சட்டை அதே நீலக் கட்டம்தான். எனக்கு அதைத் தொடவே கூசியது. இது டிவியில் வந்த சட்டைதானா என்று விரித்து வைத்துப் பார்த்தேன். டிவியில் அடிக்கிறவனின் பையில் மஞ்சளாக ஒரு காகிதம் மடித்துத் துருத்திக்கொண்டிருந்தது. நெருக்கிக் காட்டிய துண்டில் அது நன்றாகத் தெரியும். கறை ஏதாவது இருக்கிறதா என்று பைக்குள் விரலை விட்டேன்.

பை இடது மார்பில் இருந்தது.

ஆண்கள் சட்டையில் பை இடது பக்கம்தான் இருக்கும். இது யாருக்குத் தெரியாது? நானே எத்தனை சட்டை தேய்த்திருக்கிறேன். ஆனால் டிவியில் அந்த மஞ்சள் காகிதம் எந்தப் பக்கம் இருந்தது?

செல்போனில் எங்கள் படத்தைத் தேடி எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தவறான படம் வந்தது. நிறுத்திப் பார்த்தேன். அடிக்கிறவனின் பை வலது மார்பில் இருந்தது. பக்கத்தில் விழுகிறவரின் சட்டைப் பையும் வலது மார்பில். ஓடுகிற கூட்டத்தில் எல்லாருக்கும் வலது மார்பில். பின்னால் கடைப் பெயர்ப்பலகைகள் மங்கலாக்கப்பட்டிருந்தன. எந்த மடையன் பெயர்ப்பலகையை மங்கலாக்குவான்?

நான்தான் மங்கலாக்குவேன். படத்தை இடம் வலமாகப் புரட்டிப் போட்டால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போலத் இடவலம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைக்கத்தான் மங்கலாக்குவது. எங்கள் சானலில் செய்தி வாசிப்பவர் திரையின் இடப்பக்கம் உட்காருவார். படத்தில் நடப்பது அவரைப் பார்த்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் திரையைவிட்டு வெளியே ஓடுகிற மாதிரி இருக்கும் என்பது விதி. வந்த படம் எதிர்ப்பக்கம் பார்த்தால் புரட்டிவிடுவோம். ஓடுகிற மாட்டையும் புரட்டுவோம், மந்திரி நடந்து வருவதையும் புரட்டுவோம். கேட்டுக்கொண்டு செய்வதில்லை. விரல் தானாகச் செய்யும்.

செவ்வாய்க்கிழமை பத்தேகால் மணிக்கு நான் அவனைப் புரட்டினேன். வலது கையால் அடித்தவனை இடதுகைக்காரன் ஆக்கினேன். பதினொன்றரைக்கு அந்தக் கையைச் சுற்றி வட்டமும் போட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, என் தம்பியின் கையைப் பார்த்துப் பயந்தேன்.

இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை. "அவனை எங்கயும் அனுப்பாத!" என்று அம்மாவிடம் கத்திவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

மூலப் படம் என் கணினியில் அப்படியே இருந்தது. வலது கை. இடது மார்பில் மஞ்சள் காகிதம். பழக்கடைக்காரர் முதலில் சொன்னதுதான் சரி. நான் வெட்டி எறிந்த பாதி.

பிரேக்கிங்கை இழுத்து வந்து காட்டினேன். முகம் சுண்டிவிட்டது.

"ரெண்டு நாளா இடக்கை இடக்கைன்னு கத்திக்கிட்டு இருக்கோம். இப்பப் போய்... விடும்மா. இடக்கைங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துடலாம். யார் கேட்கப் போறா?"

"ஒருத்தர் கையை முறிச்சிருக்காங்க சார். நம்மால. நான் இதை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறேன். வேணும்னா என்னை வேலையைவிட்டு அனுப்பிடுங்க."

அவர் மோவாயைத் தடவினார். எனக்கு அந்தத் தடவலைப் பிடிக்காது. மெதுவாக அவர் கண்ணில் பழைய மினுக்கம் ஏறியது.

"அப்ப, ஆசாமி வலதுகைக்காரன்."

"ஆமா சார்."

"வேற எந்தச் சானலுக்கும் இது தெரியாதே?"

பத்து நிமிடத்தில் சிவப்புப் பட்டை ஓடியது. 'திடீர் திருப்பம்! சிக்கியது புதிய காட்சி! யார் இந்த வலக்கை ஆசாமி?' புதிய காட்சியாம். தவறு எங்களுடையது என்று சொல்லுங்கள் என்றேன். "சொல்லலாம், சொல்லலாம். முதல்ல இது போகட்டும்" என்றார். அந்தத் திருத்தம் இதுவரை போகவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாரும் கைதட்டினார்கள், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

படத்தை நானே ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனேன். நான்தான் புரட்டினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இடதுகைக்காரங்கன்னா அந்தத் தெருவுல மூணு பேருதான். இப்ப ஊர்பூரா தேடணும். நல்லா இருக்கும்மா உங்க வேலை" என்றார்.

ஐந்தாம் நாள் ஒருவனைப் பிடித்தார்கள். கடைக்காரனும் இல்லை, சுமைதூக்குபவனும் இல்லை. ஒரு லாரி கிளீனர். அடிபட்டவரோடு அவனுக்கு என்றைக்கோ ஏதோ சொந்தப் பகை, கூட்டத்தைச் சாக்காக வைத்துத் தீர்த்துக்கொண்டான். அடிபட்டவர் கண் விழித்து அவரே சொன்னார். எங்கள் சானல் அதற்கு ஒன்பது நொடி கொடுத்தது. அதை வெட்டியவளும் நான்தான். சாவிக்காரரைப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையோடு, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, டிவியில போட்டதுதானே" என்றார். டிவி என்றால் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. எதிர் வீட்டுக்காரி மறுபடியும் சிரிக்கிறாள். ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. தம்பி வேலைக்குப் போகிறான். மணிக்கட்டுக் காயம் ஆறி, கோடு மட்டும் இருக்கிறது. அந்த ஹெல்மெட் திரும்பி வரவில்லை. நான் புதுசு வாங்கிக் கொடுத்தேன். நன்றி என்றான். அட்டைப் பெட்டியோடு அலமாரி மேலே இருக்கிறது.

நேற்று மதியம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவன் மேசையில் உட்கார்ந்து, அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, என் வழக்கமான இடத்தில், அவன் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். முழங்கை இடிக்கட்டும் என்று வேண்டுமென்றே நெருங்கித்தான் உட்கார்ந்தேன்.

அவன் பேச்சை நிறுத்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. ஸ்பூனை வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.